உணவு விரதமும் உள்ளத்துக் கருணையும்

ஒரு திருமண வீட்டுப் பந்தியில் இருவர் அருகருகே அமர்ந்திருக்கின்றனர். நெய் வரும்போது இருவருமே வேண்டாமென்று இலையைக் கையால் மறைக்கின்றனர். பாயசம் வரும்போதும், மோர் வரும்போதும் அவ்வாறே மறுத்துவிடுகின்றனர். இருவரும் ஒரே விரதத்தை மேற்கொண்டவர்கள் போலும் என்று எண்ணியபடி பரிமாறுபவர் அடுத்த இலைக்குச் சென்றுவிடுகிறார்.

அந்த இருவரின் உள்ளத்தையும் பார்க்க முடிந்தால் அவர் வியப்படைவார். முதலாமவருக்கு இரத்தத்தில் கொழுப்பு மிகுந்திருக்கிறது. காய், கனி, கீரை, தானியம், பருப்பு ஆகியவற்றை மட்டும் உண்டால் இதயத்துக்கு நல்லது என்று மருத்துவர் கூறியதை அவர் சிரத்தையுடன் பின்பற்றி வருகிறார். இரண்டாமவருக்கு எந்த நோயும் இல்லை. கன்றுக்கென்று சுரந்த பாலைத் தாம் பருகுவதற்கு அவருடைய மனம் ஒப்பவில்லை, அவ்வளவுதான்.

பந்தி முடிந்து இருவரும் வாசலுக்கு வருகின்றனர். முதலாமவர் பட்டு அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு தோல் செருப்பை அணிகிறார். இரண்டாமவரோ பட்டும் உடுத்தவில்லை. தோல் செருப்பும் அணியவில்லை. மறுநாள் மாலை இருவருக்கும் எண்ணெயில் பொரித்த பலகாரத்தையும், நெய் சேராத சர்க்கரை இனிப்பையும் யாரேனும் கொடுத்தால், முதலாமவர் உடல்நலம் கருதி மறுப்பார். இரண்டாமவர் தயக்கமின்றி உண்ணக்கூடும். உண்ணும் பொருள் ஒன்றாகத் தோன்றினாலும் வழிகள் இரண்டு. ஒன்று உடலைப் பற்றியது. மற்றொன்று உயிர்களைப் பற்றியது. இவ்வேறுபாட்டை அறிந்துகொள்வது ஆன்மிக சாதகனுக்கு மிகவும் பயன்தரக்கூடியது. ஏனெனில், ஆன்மிக வாழ்வில் செயலைக் காட்டிலும் அச்செயலை இயக்கும் நோக்கமே முதன்மையானது.

இரு பெயர்கள்

இரண்டாமவரின் நெறிக்கு இன்று உலகெங்கும் வழங்கும் பெயர் ‘வீகன்’ என்பது. தமிழில் இதனை ‘நனிசைவம்’ என்கின்றனர். 1944-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், உலகப் போர் இன்னும் ஓயாத நிலையில், இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் என்னும் தச்சுவேலை ஆசிரியரும் அவருடைய நண்பர்கள் சிலரும் கூடி இப்பெயரில் ஒரு சங்கத்தைத் தொடங்கினர். புலால் உண்ணாதவர்களாக இருந்தும் பாலும் முட்டையும் கொள்வதில் உறுத்தல் கொண்டவர்கள் அவர்கள். ‘வெஜிடேரியன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்துகளையும் கடைசி இரண்டு எழுத்துகளையும் சேர்த்து உருவாக்கியதே ‘வீகன்’ என்ற சொல். உணவு, உடை, மற்றத் தேவைகள் எதற்காகவும் விலங்குகளைச் சுரண்டுவதையும் துன்புறுத்துவதையும் இயன்றவரை தவிர்க்கும் வாழ்க்கைமுறையையே அச்சங்கத்தார் இச்சொல்லால் குறிக்கின்றனர். ஆகவே பாலும் தேனும் மட்டுமின்றி, தோல், பட்டு, கம்பளி ஆகியவையும் இதில் அடங்கும். ‘இயன்றவரை’ என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்வது நலம்.

முதலாமவரின் நெறி ‘தாவரவழி உணவு’ எனப்படுகிறது. 1980-களில் அமெரிக்க ஊட்டச்சத்து அறிஞர் டி. காலின் கேம்ப்பெல் முதலானோர், அறக் கருத்து எதையும் கலக்காமல், உடல்நலத்தையே நோக்கமாகக் கொண்டு தம் ஆய்வுகளைப் பற்றிப் பேச விரும்பினர். அதற்கென வழக்கிற்கு வந்த சொல் இது. இதில் உயிர்வதை பற்றிய விரதம் ஏதுமில்லை. எவ்வளவு தாவர உணவு, எவ்வளவு தூய்மையான உணவு என்பதே கேள்வி.

பாரத நாட்டின் மரபான சைவ உணவு இவ்விரண்டிலும் சேராதது. அதில் பாலுக்கும் தயிருக்கும் நெய்க்கும் உயர்ந்த இடம் உண்டு. கடைகளில் விற்கும் உணவுப் பொட்டலங்களின்மீது காணப்படும் பச்சைப் புள்ளி, பால் சேர்ந்த சைவ உணவையும் குறிக்கும். வீகன் உணவுக்கென்று தனி விதிமுறைகளும் தனி இலச்சினையும் இந்நாட்டில் 2022-ஆம் ஆண்டில்தான் வகுக்கப்பட்டன.

ஆகாரம் என்பது யாது?

சாந்தோக்கிய உபநிஷதத்தின் ஏழாம் அத்தியாயம், சனத்குமார முனிவர் நாரதருக்கு உபதேசிக்கும் பகுதி. ஆகாரம் தூய்மையானால் உள்ளம் தூய்மையாகும்; உள்ளம் தூய்மையானால் இறைநினைவு நிலைபெறும்; அதனால் எல்லாத் தளைகளும் அவிழும் என்னும் கருத்து அங்கே கூறப்படுகிறது. இங்கு ‘ஆகாரம்’ என்ற சொல்லுக்கு ஆசாரியர்கள் இரு வகையாகப் பொருள் கூறியுள்ளனர்.

ஸ்ரீ ராமானுஜர் அதனை வாயால் உண்ணும் உணவு என்றே கொள்கிறார். உணவுக்கு மூன்று குற்றங்கள் நேரக்கூடும். உணவுப்பொருளின் இயல்பிலேயே அமைந்த குற்றம் ஒன்று. அது யாரிடமிருந்து வருகிறதோ அவரால் நேரும் குற்றம் மற்றொன்று. தூசி, மயிர் முதலியவை விழுவதால் நேரும் குற்றம் மூன்றாவது. இம்மூன்றும் நீங்கிய உணவே தூய உணவு. ஸ்ரீ சங்கரரோ, ஆகாரம் என்பது புலன்கள் வழியாக உள்ளே கொண்டுவரப்படும் அனைத்தையும் குறிக்கும் என்கிறார். கண் காண்பதும் செவி கேட்பதும் ஆகாரமே. விருப்பு, வெறுப்பு, மயக்கம் ஆகியவை கலவாமல் உலகை அறிவதே ஆகாரத் தூய்மை.

சுவாமி விவேகானந்தர் தமது பக்தியோக விளக்கத்தில் இவ்விரு கருத்துகளையும் எடுத்து ஆராய்கிறார். மேலோட்டமாகப் பார்த்தால் இவை முரண்படுவனபோல் தோன்றினும் இரண்டும் உண்மை, இரண்டும் தேவை என்பது அவருடைய முடிவு. நுட்பமான மனத்தை அடக்குவதே உயர்ந்தது. ஆயினும் பருமையான உடலை ஒழுங்குபடுத்தாமல் அந்த உயர்நிலையை எட்ட முடியாது.

தாவரவழி உணவு, நனிசைவம் என்னும் வேறுபாட்டை இந்த ஒளியில் காணும்போது ஓர் உண்மை விளங்குகிறது. இலையில் இருப்பது மட்டுமே ஆகாரம் அன்று. அதை உண்பவன் எந்த எண்ணத்துடன் உண்கிறானோ அந்த எண்ணமும் ஆகாரமே. காய்கறியை மட்டும் உண்டு, உண்ணாதவரை இகழ்பவன், தூய உணவோடு சேர்த்து வெறுப்பையும் உட்கொள்கிறான்.

திருவள்ளுவர் அதிகாரங்களை அமைத்திருக்கும் முறையும் இங்கே எண்ணத்தக்கது. ‘புலால் மறுத்தல்’ திருக்குறளின் 26-ஆம் அதிகாரம். அதற்கு முன் நிற்கும் 25-ஆம் அதிகாரம் ‘அருளுடைமை’. உண்ணாமையைச் சொல்வதற்கு முன் அருளைச் சொல்கிறார். அருள் வேர், புலால் மறுத்தல் அதில் கிளைக்கும் கிளை. வேரின்றிக் கிளையை மட்டும் நட்டால் அது சில நாள் பசுமையாக இருந்து பின் வாடிவிடும்.

தாய்க்குக் கொடுத்த வாக்கு

இவ்வுண்மையைத் தமது வாழ்க்கை முழுவதும் சோதித்துப் பார்த்தவர் மகாத்மா காந்தியடிகள். அவருடைய உணவுச் சோதனைகள் பலருக்கும் தெரிந்தவையே. எனினும் அவற்றை ஒரு சாதகனின் வளர்ச்சியாகக் காணும்போது அவை புதிய பொருள் தருகின்றன.

1888-ஆம் ஆண்டு, பதினெட்டு வயது இளைஞரான மோகன்தாஸ் சட்டம் பயில இலண்டனுக்குப் புறப்பட்டார். அன்னை புத்லிபாயின் கலக்கத்தைத் தீர்ப்பதற்காக, பேசர்ஜி சுவாமி என்னும் சமணத் துறவியின் முன்னிலையில், மது, மாது, மாமிசம் மூன்றையும் தொடுவதில்லை என்று வாக்களித்தார். இலண்டனில் அவர் பட்ட பாடு சிறிதன்று. உப்புச் சப்பில்லாத அவித்த காய்கறிகளை உண்டு அரைவயிற்றுடன் நாட்களைக் கழித்தார். நண்பர்கள் கேலி செய்தனர், வாதிட்டனர். அவர் அசையவில்லை.

ஆனால் அந்நாட்களில் அவருடைய உள்ளத்தில் இருந்தது என்ன? புலால் உண்பது தவறு என்று அவர் அப்போது கருதவில்லை. ஆங்கிலேயரைப் போல வலிமை பெற இந்தியர் அனைவரும் புலால் உண்ணவேண்டும் என்றும், ஒருநாள் தாமும் வெளிப்படையாக உண்ணும் காலம் வரும் என்றும் அவர் எண்ணியிருந்ததைப் பின்னாளில் தமது சுயசரிதையில் மறைக்காமல் எழுதினார். வாக்கு வாக்காக நின்றது. நம்பிக்கை வேறு பக்கம் இருந்தது. வெளியே சைவம், உள்ளே ஆசை என்னும் நிலை அது.

பின்னர் ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டார். அதன் கண்ணாடிச் சன்னலில் விற்பனைக்கு வைக்கப்பட்டிருந்த ஹென்றி சால்ட் என்பாரின் நூலை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கினார். இங்கிலாந்துக்கு வந்தபின் அன்றுதான் அவர் முதன்முறையாக வயிறார உண்டார். அந்நூலைப் படித்தபின், தாய்க்காக மேற்கொண்ட நெறி அவருடைய சொந்த நெறியாயிற்று. கட்டாயம் கொள்கையாக மாறியது.

அதன்பின் ஒரு நுட்பமான சிக்கல் எழுந்தது. மாமிசம் என்பதற்கு இங்கிலாந்தில் அவர் மூன்று விளக்கங்களைக் கேட்டார். பறவை, விலங்குகளின் ஊன் மட்டுமே மாமிசம் என்பது ஒன்று. மீனும் மாமிசமே, முட்டை அன்று என்பது மற்றொன்று. முட்டையும் பாலும்கூட விலக்கத்தக்கவை என்பது மூன்றாவது. முதல் விளக்கத்தைக் கொண்டால் மீனும் முட்டையும் உண்ணலாம். அவ்வாறு செய்ய வாய்ப்பிருந்தும் அவர் தம்மைத் தாமே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார்: இந்த வாக்கைப் பெற்ற தாயின் மனத்தில் மாமிசம் என்பதற்கு என்ன பொருள் இருந்தது? அன்னையின் மனத்தில் முட்டைக்கும் இடமில்லை என்பது அவருக்கு உறுதியாகத் தெரியும். ஆகவே முட்டையை விட்டார். முட்டை கலந்த பலகாரங்களையும் விட்டார். விரதத்திற்குப் பொருள் கூறும் உரிமை, அதில் ஓட்டை தேடும் நாவுக்கு இல்லை. அதை நம்பியிருக்கும் மனத்துக்கே உண்டு என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார்.

பாலை விட்ட கதை

தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த காலத்தில் அவருடைய சிந்தனை மேலும் ஆழ்ந்தது. பால் புலன்களைக் கிளர்த்தும் உணவு என்பதை ராய்சந்த்பாய் என்னும் சமண ஞானியிடமிருந்து முன்னரே அறிந்திருந்தார். கல்கத்தாவில் பசுக்களுக்கும் எருமைகளுக்கும் நேரும் கொடுமைகளைப் பற்றிய துண்டுப் பிரசுரங்கள் சில பின்னர் அவருக்குக் கிடைத்தன. மாட்டின் பிறப்புறுப்பினுள் காற்றை ஊதி, மடியில் உள்ள கடைசித் துளி வரை கறந்தெடுக்கும் ‘பூக்கா’ என்னும் வழக்கத்தை அவற்றில் படித்து அவர் துடித்துப்போனார். (இக்கொடுமையை 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது.) 1912-ஆம் ஆண்டு டால்ஸ்டாய் பண்ணையில், நண்பர் காலன்பாக்குடன் சேர்ந்து பாலை அறவே விட்டுவிடுவதென்று உறுதி பூண்டார். ‘வீகன்’ என்ற சொல் தோன்றுவதற்கு முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முற்பட்ட நிகழ்ச்சி இது.

1914-இல் இலண்டனில் அவர் மார்பு நோயால் வருந்தியபோது, மருத்துவர் ஜீவராஜ் மேத்தா பால் அருந்துமாறு வற்புறுத்தினார். காந்தியடிகள் தம் அரசியல் குருவாகப் போற்றிய கோகலேயும் வலியுறுத்தினார். ஓர் இரவு முழுவதும் சிந்தித்தபின், விரதத்தை விட இயலாது என்று பணிவுடன் தெரிவித்துவிட்டார்.

உண்மையான சோதனை 1918-இல் வந்தது. கேடா மாவட்டத்தில் அலைந்து பணியாற்றியதில் உடல் நலிந்திருந்தது. அப்போது கடும் சீதபேதி கண்டது. மருந்தையும் மறுத்தார், பாலையும் மறுத்தார். உடல் எலும்புக்கூடாயிற்று. தமது இறுதி நெருங்கிவிட்டது என்றே ஒரு கட்டத்தில் அவர் நம்பினார். 1919-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பம்பாயில் மருத்துவர் தலால் அவருக்கு ஓர் அறுவை சிகிச்சை செய்தார். பால் அருந்தினாலன்றி இந்த உடலை மீண்டும் தேற்ற முடியாது என்றும் அவர் கூறிவிட்டார். தமக்கு விரதம் இருப்பதைக் காந்தியடிகள் சொன்னார். அது எத்தகைய விரதம் என்று மருத்துவர் வினவ, பசுவும் எருமையும் படும் துன்பத்தை அறிந்து பாலை விட்ட கதை முழுவதையும் எடுத்துரைத்தார்.

கட்டிலருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார் கஸ்தூரிபாய். அப்படியானால் ஆட்டுப்பாலுக்குத் தடையில்லையே என்று அவர் சொன்னார். மருத்துவரும் உடனே அதைப் பற்றிக்கொண்டார்.

அவ்வாறு கூறியவர் யார் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். தென்னாப்பிரிக்காவில் கஸ்தூரிபாய் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தபோது, மாட்டிறைச்சிச் சாறு கொடுத்தால்தான் பிழைப்பார் என்று ஒரு மருத்துவர் கூறினார். அதை உட்கொள்வதைவிடக் கணவரின் மடியில் உயிர் விடுவதே மேல் என்று மறுத்தவர் அந்த அம்மையார். தூறல் மழையில், எலும்பும் தோலுமாக, ஃபீனிக்ஸ் குடியிருப்புக்கு எடுத்துச் செல்லப்பட்டுப் பிழைத்தார். விரதத்தின் அருமை அறியாதவர் அல்லர் அவர். தம் உயிரை விரதத்துக்காகக் கொடுக்கத் துணிந்தவருக்குக் கணவரின் உயிரைக் கொடுக்க மனம் வரவில்லை. அன்பு ஒரு சிறு வழியைக் கண்டது; அதைக் காட்டியது.

காந்தியடிகள் இணங்கினார். ஆட்டுப்பால் அருந்தினார். உடல் தேறியது.

சொல் நின்றது, பொருள் சென்றது

சாதாரண மனிதனுக்குக் கதை இங்கே இனிதாக முடிந்திருக்கும். விரதமும் முறியவில்லை, உயிரும் பிழைத்தது, மனைவியும் மகிழ்ந்தார், தேசத்துக்கும் தலைவர் கிடைத்தார். காந்தியடிகளுக்கோ அது ஆறாத புண்ணாயிற்று. விரதம் எடுத்தபோது பசுவும் எருமையும்தாம் மனத்தில் இருந்தன என்பது உண்மை. ஆயினும் அதன் கருத்து எல்லா விலங்குகளின் பாலையும் உள்ளடக்கியது என்பதை அவர் அறிவார். தாம் விரதத்தின் சொல்லைக் காப்பாற்றி அதன் உட்பொருளைக் கைவிட்டதாகவே அவர் தீர்ப்பளித்துக்கொண்டார். ஏன் அப்படிச் செய்தோம் என்பதையும் ஆராய்ந்தார். சத்தியாக்கிரகப் போரை நடத்த வேண்டும் என்னும் ஆவல், வாழவேண்டும் என்னும் ஆசையை வளர்த்துவிட்டது என்று கண்டார். தொண்டு செய்யும் ஆசையும் ஆசையே என்பதை இவ்வளவு துணிவாக ஒப்புக்கொண்டவர்கள் மிகச் சிலரே.

இலண்டனில் முட்டையைப் பற்றிய ஐயம் எழுந்தபோது தாயின் மனத்தில் இருந்த பொருளைத் தேடிய அதே மனிதர், பம்பாயில் சொல்லின் இடைவெளி வழியாக வெளியேறினார். அந்த வேறுபாட்டை வேறு எவரும் சுட்டிக்காட்டவில்லை; அவரே கண்டு, அவரே உலகுக்கு அறிவித்தார். 

1931-ஆம் ஆண்டு நவம்பர் 20-ஆம் நாள், வட்டமேசை மாநாட்டுக்காக இலண்டன் சென்றிருந்த அவர், அந்நகரச் சைவ உணவுச் சங்கத்தில் உரையாற்றினார். இளமையில் அவர் படித்த நூலை எழுதிய ஹென்றி சால்ட் அன்று அவையில் இருந்தார். உடல்நலத்துக்காக மட்டும் புலாலை விட்டவர்களில் பெரும்பாலோர் பின்வாங்கிவிட்டனர் என்பதைக் காந்தியடிகள் அங்கே எடுத்துக்காட்டினார். நோய் வந்தாலோ, சிறிது பலவீனம் தோன்றினாலோ அவர்களுடைய உறுதி கரைந்துவிடுகிறது. சைவ நெறி நிலைக்க வேண்டுமானால் அதற்கு அறமே அடித்தளமாக வேண்டும் என்றார். புலால் உண்பவர்களை வெறுக்காமல் பணிவுடனும் பொறுமையுடனும் இருக்கவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். அந்த அவையில் அவர் தம்மை ஓர் உதாரண புருஷராக நிறுத்திக்கொள்ளவில்லை. ஆட்டுப்பால் கதையைத் தாமே சொல்லி, விரதத்தின் பொருளைத் தாம் காக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

1942-இல் ஆகாகான் மாளிகைச் சிறையில் உடல்நலம் பற்றி எழுதியபோதும், பால் விலங்கிலிருந்து கிடைப்பது, கண்டிப்பான சைவ உணவில் அதற்கு இடமில்லை என்றே எழுதினார். கையில் ஆட்டுப்பால், எழுத்தில் அதற்கு எதிரான உண்மை. தன் பலவீனத்துக்கு ஏற்பக் கொள்கையை வளைப்பது எளிது. கொள்கையை அதன் உயரத்திலேயே நிற்கவிட்டு, தான் தாழ்ந்து நிற்பதை ஒப்புக்கொள்வது அரிது. அந்த அரிய செயலைச் செய்தவர் அவர்.

மிதிலைக் கசாப்புக் கடை

மகாபாரதத்தின் வனபருவத்தில் கௌசிகர் என்னும் அந்தணரின் கதை வருகிறது. தவ வலிமையால் ஒரு கொக்கை எரித்துவிட்ட செருக்குடன் அவர் பிட்சைக்குச் சென்றார். கணவனுக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்த இல்லத்தரசி ஒருத்தி அவரைக் காத்திருக்கச் செய்தாள். அவர் சினந்தார். தான் கொக்கு அல்லள் என்று உணர்த்திய அவள், தர்மத்தை அறிய மிதிலைக்குச் செல்லுமாறு கூறினாள். அங்கே அவருக்கு வாய்த்த குரு, இறைச்சி விற்கும் தர்மவியாதர்.

அந்த வியாதர் தாம் கொல்வதில்லை. தாம் உண்பதும் இல்லை. குலத்தொழிலாக வந்ததைச் செய்துகொண்டு, முதிய பெற்றோரைத் தெய்வமாகப் பேணி வந்தார். ஏர் உழும்போது மண்ணில் எத்தனையோ உயிர்கள் மடிகின்றன. நடக்கும்போது காலடியில் எத்தனையோ உயிர்கள் நசுங்குகின்றன. உலகில் முற்றிலும் இம்சை செய்யாதவர் எவருமில்லை. எனினும் முயன்று அதைக் குறைத்துக்கொள்பவர்களே அறவோர் என்னும் கருத்தை அவர் கௌசிகருக்கு விளக்கினார்.

இது நனிசைவர்களின் விளக்கத்தில் உள்ள ‘இயன்றவரை’ என்ற சொல்லோடு எவ்வளவு பொருந்துகிறது! தாவர உணவே ஆனாலும் அதன் பின்னே உழவு உண்டு, பூச்சி மருந்து உண்டு, வண்டிச் சக்கரம் உண்டு. ‘நான் ஒரு பாவமும் செய்யாதவன்’ என்று இலையின் முன் அமர்ந்து நினைக்க எவராலும் இயலாது. நினைத்தால், கௌசிகரின் கொக்கு அங்கேயும் எரிந்துகொண்டிருக்கும். இம்சை முற்றிலும் நீங்காது என்பதை, இருக்கின்ற இம்சையைக் குறைக்காமல் இருப்பதற்குச் சாக்காகக் கொள்வதும் தவறு. செருக்கு, சோம்பல் என்னும் இரு பள்ளங்களுக்கும் நடுவே செல்வதே தர்மத்தின் பாதை.

சாதகன் கொள்ளவேண்டியவை

அப்படியானால், தாவரவழி உணவை உடல்நலத்துக்காக மேற்கொள்பவர் தாழ்ந்தவரா? அல்லர். உடல் இறைவன் குடியிருக்கும் கோயில். அதைப் பேணுவதும் கடமையே. கீதையின் பதினேழாம் அத்தியாயம் சாத்விக உணவின் பயன்களைச் சொல்லும்போது ஆயுள், வலிமை, ஆரோக்கியம் ஆகியவற்றையும் சேர்த்தே கூறுகிறது. உடலுக்காகத் தொடங்கியதே உயிர்களின்பால் இரக்கமாகக் கனியவும் கூடும். காந்தியடிகளின் வாழ்வில் முதலில் இருந்தது தாய்க்குக் கீழ்ப்படிதல். அடுத்து அறிவு வழியாக வந்த உறுதி. அதன்பின் வாயில்லா ஜீவன்களிடம் கருணை. இறுதியில் தன் குறையை ஒப்புக்கொள்ளும் பணிவு. எந்தப் படியில் ஒருவர் நிற்கிறார் என்பதைவிட, அடுத்த படியை நோக்குகிறாரா என்பதே முக்கியம்.

அதேபோல், கருணையால் நனிசைவரானவர் உடலைப் புறக்கணிக்கவும் கூடாது. மிகுதியாக உண்பவனுக்கும் யோகமில்லை, அறவே உண்ணாதவனுக்கும் யோகமில்லை என்பது கீதையின் ஆறாம் அத்தியாயம் காட்டும் நெறி. பி12 என்னும் உயிர்ச்சத்து தாவர உணவில் போதிய அளவு கிடைப்பதில்லை. 1948-இல்தான் அது தனியே பிரித்தெடுக்கப்பட்டது. இன்று அது மாத்திரையாகவும், அதனைச் சேர்த்த உணவுப் பொருட்களிலும் கிடைக்கிறது. பாலையும் விட்டவர்கள், சிறப்பாகக் கருவுற்ற பெண்களும் குழந்தைகளை வளர்ப்பவர்களும், மருத்துவரைக் கலந்து இதனைப் பெறுவது அவசியம். நல்ல கொள்கை அறியாமையால் தோல்வியடையக் கூடாது.

பாலை விடாதவர்கள் என்ன செய்வது? அபிஷேகத்துக்கும் நைவேத்தியத்துக்கும் பாலைப் பயன்படுத்தும் மரபு பன்னெடுங்காலமாக இருந்து வருவது. வெண்ணெய்க்காகக் கைநீட்டிய கண்ணனின் பக்தர்களுக்குப் பால் வெறும் உணவுப் பொருள் அன்று. ஆனால் அந்தக் கண்ணன் கன்றுகளின் தோழன் என்பதையும் மறக்கலாகாது. கன்று வயிறார ஊட்டிய பிறகே மனிதன் கறக்கவேண்டும் என்பது பசுவைத் தாயாகப் போற்றிய வீட்டின் அறம். இன்று பால் பொட்டலமாக வாசலுக்கு வருகிறது. அந்தக் கன்று உண்டதா, ஆண் கன்றானால் அது உயிரோடு இருக்கிறதா, கறவை நின்ற பசு எங்கே போயிற்று என்பதெல்லாம் அருந்துபவருக்குத் தெரிவதில்லை. விடுவதா கொள்வதா என்பதை ஒவ்வொருவரும் தம் மனசாட்சியைக் கொண்டு முடிவு செய்யலாம். ஆனால் அந்தக் கேள்விகளைக் கேட்காமலே அருந்துவது பக்திக்கு அழகாகாது. இயன்றவர்கள் கன்றுக்கு அதன் பங்கை விடும் இடத்தில் வாங்கலாம்; கறவை நின்ற பசுக்களைப் பேணும் கோசாலைக்கு உதவலாம்; வீணாக்குவதையேனும் நிறுத்தலாம்.

இலை, மலர், கனி, நீர் என்னும் நான்கில் எதை அன்புடன் அளித்தாலும் தான் ஏற்பதாகக் கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்தில் பகவான் அருளுகிறார். இந்நான்கில் எதைப் பெறுவதற்கும் ஓர் உயிரை வதைக்க வேண்டியதில்லை. அங்கே அவர் வலியுறுத்துவது பக்தியை. இலை வெறும் இலையாக இருந்தால் அது கீரை. அன்போடு சேர்ந்தால் அது பூஜை.

பந்தியில் அமர்ந்த அந்த இருவரும் ஒரே சோற்றை உண்டனர். ஒருவர் தம் இதயத்தின் நலத்தை நினைத்தார். மற்றவர் ஒரு கன்றின் பசியை நினைத்தார். என்றேனும் ஒருநாள் முதலாமவர் அந்தக் கன்றையும் நினைப்பாராக. இரண்டாமவர், தம் அருகில் அமர்ந்து மோர் ஊற்றி உண்பவரையும் அதே கருணையுடன் காண்பாராக. உணவு விரதம் அன்றே நிறைவு பெறும்.